தீக்கோடு வெட்டும் கைக்குச் சான்றிதழ் எங்கே?

கொடைக்கானல் மேல்மலையில் உறைபனி விழத் தொடங்கினால் அடுத்து வருவது தீ. மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, பூம்பாறைப் பக்கத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரிப் பனி புல்லைக் கருக்கும். பிப்ரவரி வெயில் அதைச் சருகாக்கும். மார்ச்சில் யாரோ வீசிவிட்டுப் போகும் ஒரு பீடித்துண்டு போதும், ஒரு மலைச்சரிவே இரவோடு இரவாகச் சிவந்துவிடும். சோலைக்காடு ஈரமுள்ளது, எளிதில் பற்றாது. பற்றுவதெல்லாம் புல்வெளியும், வெள்ளைக்காரன் காலம் தொட்டு வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களும்தான். பைன் மரத்தடியில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கிறது. தைல மரத்துக்கு இலையிலேயே எண்ணெய்.

தீ வருவதற்கு முன்பே காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். குறிப்பிட்ட அகலத்துக்குப் புல்லை அறுத்து, புதரை வெட்டி, சருகைக் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரியும்படி காட்டின் குறுக்கே நீளமாக ஒரு பாதை. எரிந்து வரும் தீ அந்த இடத்தில் தின்ன எதுவும் இல்லாமல் நின்றுவிட வேண்டும். இதைச் செய்பவர்கள் யார்? பளியர்கள், புலையர்கள், தோட்டக் கூலிகளாக மலையேறி இங்கேயே தங்கிவிட்ட பட்டியல் சாதிக் குடும்பங்கள். தீப்பிடித்த பிறகு பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அடிக்க ஓடுபவர்களும் பெரும்பாலும் இவர்களே. காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த ஓடைக்கு அப்பால் தீ தாண்டாது, எங்கே எதிர்த்தீ வைத்தால் வருகிற தீயின் வழியை அடைக்கலாம் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்து வன அலுவலரின் கைபேசிக்குத் தகவல் அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகவல் வந்த இடத்துக்கு யாராவது நடந்து போக வேண்டும் அல்லவா? அந்த நடை இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது.

தீயணைப்புப் பாடப் புத்தகத்தில் தீயை அணைக்க மூன்று வழிகள் சொல்வார்கள். குளிர்விப்பது ஒன்று. காற்றை மறிப்பது ஒன்று. எரிபொருளை அகற்றுவது ஒன்று. இந்த மூன்றாவதற்குத் தீயைப் பட்டினி போடுவது என்றே அந்தப் படிப்பில் பெயர். சருகு கூட்டும் நம் வீட்டுக் கிழவி ஆண்டுதோறும் செய்வது அதைத்தான். அவளுக்குத் தினக்கூலி. அதே பாடத்தை வகுப்பில் படித்துத் தேர்வெழுதியவருக்கு மாதச் சம்பளம், சீருடை, ஓய்வுக்காலப் பலன். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காகிதம்தான். அந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், எது உண்மையானது, எது போலி என்பதைப் பற்றியே இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

பழனி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகள் தெரிந்திருக்கும். ‘ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ. பத்தாம் வகுப்பு பாஸா, ஃபெயிலா கவலை வேண்டாம். நூறு சதவீத வேலை உத்தரவாதம். வெளிநாட்டு வேலை.’ தலைக்கவசம் போட்ட ஒரு இளைஞன் படமும் இருக்கும். கீழ்மலையிலிருந்து இறங்கி வந்து இந்தச் சுவரொட்டியை நம்பிப் பணம் கட்டிய பிள்ளைகள் சிலரை எங்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் பசுமாட்டை விற்றது. இன்னொன்று மகளிர் குழுக் கடன் வாங்கியது. ஆறு மாத வகுப்பு முடிந்ததும் கையில் தந்த சான்றிதழில் பொன்னிற முத்திரை, சிங்க முகம், நாலைந்து ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் எல்லாம் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு கோவைக்கும் ஓசூருக்கும் ஆலை ஆலையாகப் போனவனுக்குக் கடைசியில் கிடைத்தது வாசலில் நிற்கும் காவலாளி வேலை. அந்த வேலைக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை.

அவனுக்காக நாங்கள் அந்தப் பயிற்சி மையத்துக்கே போய்க் கேட்டோம். ‘இந்தப் படிப்பை எந்த அரசு அமைப்பு அங்கீகரித்திருக்கிறது?’ என்ற கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. ‘சார், இது ஐஎஸ்ஓ’ என்றார்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு நிறுவனம் தன் அலுவல் முறைகளுக்குப் பெறுகிற தரச்சான்று. அது படிப்புக்குத் தரும் அங்கீகாரம் அல்ல. இது பட்டதாரிகளுக்கே குழப்பமான விஷயம். முதல் தலைமுறையாகப் பள்ளி முடித்தவனை இதில் ஏமாற்றுவது எவ்வளவு எளிது!

அன்று முதல் நாங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுக்கிறோம். பணம் கட்டும் முன் கேள்: ‘இந்தப் படிப்புக்கு ஆதிதிராவிடர் மாணவர் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை வாங்க முடியுமா?’ பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும் அந்த உதவித்தொகை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கு மட்டுமே கிடைக்கும். எதிரே இருப்பவர் முழித்தால், ‘அதெல்லாம் இங்கே கிடையாது தம்பி, டிஸ்கவுண்ட் வேணா போட்டுத் தர்றேன்’ என்றால், எழுந்து வந்துவிடு. நம் மக்களுக்குச் சலுகை என்று மட்டுமே பலரும் நினைக்கிற இந்த உதவித்தொகை, போலியைக் கண்டுபிடிக்கும் கருவியாகவும் பயன்படுகிறது.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் வேலையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுவரொட்டிகள் காட்டும் ஆசை அதுதான். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு, ஆயிரம் தொழிலாளர் உள்ள ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை ஐந்நூறாகக் குறைத்திருக்கிறது. ஆகவே வேலை இருக்கிறது, பெருகவும் செய்யும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார ஆறு மாதச் சான்றிதழ் போதாது. பொறியியல் பட்டமோ பட்டயமோ வேண்டும். அதன்மேல் ஆலையில் சில ஆண்டு அனுபவம். அதற்கும் மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டயம். அந்தப் பட்டயத்தைச் சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கல்வி நிலையம் நடத்துகிறது. வளைகுடா போக நினைப்பவர்கள் பேசிக்கொள்ளும் ‘நெபோஷ்’ இங்கிலாந்துச் சான்றிதழ். அங்கே மதிப்பு உண்டு, நம் ஊர்ச் சட்டப்படியான பட்டயத்துக்கு அது மாற்று ஆகாது.

இதில் ஒரு சின்னச் செய்தி நமக்குப் பிடித்தமானது. ஆலையில் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அந்தத் தகுதிகளில் ஒன்று. ஆங்கிலம் வராது என்று கூசி நிற்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

இன்னும் நேரான வழி அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. தீயணைப்பாளர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்பு போதும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு உயரம் 167 சென்டிமீட்டர், வயது வரம்பு 31. தமிழ்த் தகுதித் தேர்வு, எழுத்துத் தேர்வு, பிறகு உடற்திறன் தேர்வு. ஏழு நிமிடத்தில் 1,500 மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற மேல்மலைப் பையனுக்கு இது ஒரு சோதனையா? அவன் தோற்பது ஓட்டத்தில் இல்லை, எழுத்துத் தேர்வில். பெரும்பாலும் அதற்கும் முன்பே, அறிவிக்கை வந்ததே தெரியாமல், தோற்றுப்போகிறான். இணையத்தில் விண்ணப்பிக்கக் கொடைக்கானல் நகருக்கு வர வேண்டும். மன்னவனூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். போனால் ஒரு நாள் கூலி போச்சு. சாதிச் சான்று கையில் இல்லையென்றால் இன்னும் மூன்று நாள். அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும் வேலை இப்படித்தான் கைநழுவுகிறது.

பட்டம் முடித்தவர்கள் நிலைய அலுவலர் பணிக்கு எழுதலாம். 2023-இல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்கள் அறிவிக்கப்பட்டன. தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய். எந்தப் பட்டமும் போதும், தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். எங்களைப் போலத் தமிழ் முதுகலை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்த தலைமுறைக்கு இதை யாரும் சொல்லவில்லை. அதற்கும் மேலே மாவட்ட அலுவலர் பதவி டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வில் வருகிறது. அந்த வழியில்தான் 2003-இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தமிழ்நாட்டின் முதல் பெண் தீயணைப்பு அதிகாரிகளாக உள்ளே வந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் பற்றிய தீயில் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயம் பட்டு மீண்டார். அட்டுவம்பட்டியில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலையிலேயே பட்டம் பெறும் நம் பெண்கள் இந்தத் தேர்வை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தீயையே பட்டப்படிப்பாகப் படிக்க விரும்பினால்? நாக்பூரில் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி இருக்கிறது. 1956-இல் உத்தரப் பிரதேசம் ராம்பூரில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாக்பூருக்கு மாறியது. மத்திய உள்துறையின் கீழ் இயங்குகிறது. தீப்பொறியியலில் பி.இ. பட்டம் தருகிறது. அம்பேத்கர் தீட்சை பெற்ற அதே நாக்பூர். ஆண்டுதோறும் தீட்சா பூமிக்கு நம் ஊரிலிருந்து ரயிலேறும் தோழர்கள், அந்த ஊரில் இப்படியொரு கல்லூரியும் இருப்பதை வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் நல்லது. அருகில் என்றால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீப்பொறியியல் பி.டெக். இருக்கிறது. கேரளத்தின் மாநில ஒதுக்கீடு அங்குள்ளவர்களுக்கு, நாம் அகில இந்திய இடத்தில் போட்டியிட வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைத் தர வேண்டியது சொந்த மாநிலம்தான். ‘அங்கே போய்ப் படித்தால் கிடைக்காது’ என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள்.

பொறியியல் எட்டாத உயரம் என்று நினைப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி இருக்கிறது. மத்திய பயிற்சி இயக்ககத்தின் ஐடிஐ பாடப்பிரிவுகளில் தீயணைப்பாளர், தீத் தொழில்நுட்பமும் தொழிற்பாதுகாப்பு மேலாண்மையும் என்ற பிரிவுகள் உண்டு. எந்த ஐடிஐயில் நடக்கிறது என்று பார்த்துச் சேர வேண்டும்.

‘வேலைவாய்ப்புப் பக்கத்தில் வர வேண்டியதை இந்தப் பத்தியில் ஏன் எழுதுகிறீர்கள்?’ என்று சிலர் கேட்கக்கூடும்.

தீ நமக்கு விபத்தாக மட்டும் வந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேரைத் தீ தின்றது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. தீ எங்கே எப்படித் தொடங்கியது, எந்தப் பொருள் ஊற்றப்பட்டது, எந்த வரிசையில் வீடுகள் பற்றின என்பதைத் தடயத்திலிருந்து படிக்கத் தெரிவது ஒரு படிப்பு. எரிந்த கூரையைப் பார்த்தவுடன் ‘மின்கசிவு’ என்று எழுதிவிட்டுப் போவது இன்னொரு பழக்கம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பிரிவு 3(2)(iv), பட்டியல் சாதியினரின் குடியிருப்பை அழிக்கும் நோக்கத்தோடு தீ வைத்தால் ஆயுள் தண்டனை என்கிறது. ஆனால் அறிக்கையின் முதல் வரியில் மின்கசிவு என்று எழுதப்பட்டுவிட்டால் அந்தப் பிரிவு ஏட்டிலேயே தங்கிவிடும். அறிக்கை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது நமக்கு அன்றாடக் கவலை. ஆகவே தழை எடுத்துத் தீயை அடிக்கும் இடத்திலிருந்து, அறிக்கை எழுதும் மேசைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி இன்னொரு காரணம். தொட்டிக்குள் விஷவாயு தாக்கி நம்மவர் விழுந்தால், மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கி உடலை எடுப்பவர்கள் தீயணைப்பு மீட்புப் படையினர்தான். எடுக்கப் போகிறவருக்குக் கருவி உண்டு, சுத்தம் செய்ய இறக்கப்பட்டவருக்கு இல்லை. மூடிய இடத்துக்குள் இறங்கும் முன் வாயு அளவைச் சோதிப்பது இந்தப் படிப்பின் அடிப்படைப் பாடம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை இறக்குவதைத் தடை செய்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அந்தப் பாடம் படித்த ஒருவர் காலனிக்கு ஒருவராவது இருந்தால், இறங்காதே என்று தடுக்க ஒரு குரல் இருக்கும்.

கொடைக்கானலுக்கு வேறொரு நினைவும் உண்டு. பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு அந்த நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. நடுவே பதினைந்து ஆண்டுகள். கையில் உருளும் பாதரசம் ஆபத்தானது என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தமிழில் சொல்லும் நம்மவர் ஒருவர் உள்ளே இருந்திருந்தால் என்ற கேள்வி இன்றும் இந்த மலையில் இருக்கிறது.

திரும்பவும் காட்டுக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மாலை முதலில் மலையேறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்கள் உள்ளூர் மக்கள். ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. குரங்கணிக்கும் நம் மலைக்கும் புல்லும் காற்றும் ஒன்றுதான். கொடைக்கானலில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் வண்டி மேல்மலைக்கு வளைவு வளைவாக ஏறி வந்து சேர்வதற்குள் தீ தன் வேலையை முடித்திருக்கும். அதுவும் சாலை உள்ள இடத்துக்குத்தான் வண்டி வரும்.

காட்டில் தீயைக் கண்டால் அணைக்க உதவ வேண்டும் என்பதை அங்கே மேய்ச்சல், விறகு உரிமை உள்ளவர்களின் கடமையாகவே எழுதிவைத்தது 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது அதைவிடப் பழைய 1882-ஆம் ஆண்டுச் சட்டம். கடமை எழுதப்பட்ட அளவுக்குக் கூலியும் காப்பீடும் எழுதப்படவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பிறகு காட்டைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கும் உண்டு. அந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கும் கிராம சபைகள் நம் மலையில் குறைவு. புலையர் மக்களுக்கு இதில் இரட்டைச் சிக்கல். காட்டோடு வாழ்ந்தும் சான்றிதழில் பட்டியல் சாதி. தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். வனக் காவலர் பணியில் பழங்குடி இளைஞருக்கென்று தனி இடம் அறிவிக்கப்படும்போது, அதே காட்டில் அதே தீயை அடித்த புலையர் பையன் வரிசைக்கு வெளியே நிற்கிறான்.

நாம் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தீக்கோட்டு வேலைக்கு வருபவர்களுக்கு முறையான பயிற்சி தந்து, எத்தனை நாள் வேலை செய்தார் என்று எழுதிய அரசுச் சான்று தர வேண்டும். தடித்த காலணி, முகக்கவசம், காப்பீடு தர வேண்டும். அந்தச் சான்று உள்ளவர்களுக்கு வனத்துறை, தீயணைப்புத் துறைத் தேர்வுகளில் கூடுதல் மதிப்பெண் வேண்டும். விளையாட்டுக்கும் என்சிசிக்கும் மதிப்பெண் தருகிறவர்கள் இதற்குத் தருவதில் என்ன தடை? 1974 முதல் இயங்கும் தாட்கோ, நம் இளைஞர்களுக்கு இலவசத் திறன் பயிற்சி தருகிறது. அதில் அரசு அங்கீகாரமுள்ள தீப்பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை மலையிலேயே, தங்கிப் படிக்கும் வசதியோடு, நடத்தலாம். சீருடைப் பணியாளர் தேர்வுக்கு மேல்மலையில் ஒன்று, கீழ்மலையில் ஒன்று என்று இரண்டு மாலை வகுப்புகளைப் பள்ளிக் கட்டடத்திலேயே தொடங்கலாம். சுவரொட்டி ஒட்டும் பயிற்சி மையங்களிடம் அங்கீகாரக் கடிதத்தை வாசலில் ஒட்டச் சொல்லி மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போடலாம். அதற்கு ஒரு நாள் போதும்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, வரும் திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க இருக்கிறோம். தீக்கோட்டு வேலைக்குப் போனவர்கள் எந்த ஆண்டு, எந்தக் காட்டில், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். தனியார் மையங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீது இருந்தால் அதையும், இல்லையென்றால் அந்தச் சான்றிதழின் நகலையும் கொண்டு வரலாம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சாதிச் சான்று, வருமானச் சான்று நகல்களோடு வரட்டும். சாதிச் சான்று இன்னும் வாங்காதவர்களுக்கு விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிவிடலாம்.